சம்பந்தியம்மாவின் கைப்பக்குவம்

பிப்ரவரி 1, ஞாயிறு. உறையூர்

செவ்வாய்க்கிழமை விமானம். பெட்டி கட்டி முடித்தேன். ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரில் என் மகள் எழில் இருக்கிறாள். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யப் போனவள், கூடவே கொன்சாலோ என்கிற அந்த ஊர்ப் பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். போன மாதம் இரண்டு பேரும் பனிமலைக்குப் போயிருக்கிறார்கள். சறுக்கி விளையாடவே போன இடத்தில் சறுக்கி விழுந்து, இவள் கால் எலும்பை உடைத்துக்கொண்டிருக்கிறாள். மார்ச் முதல் வாரம் வரை மாவுக்கட்டு. ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக எடுத்த டிக்கெட் எனக்கு இப்போது சமையல்காரி டிக்கெட் ஆகிவிட்டது. பெற்ற கடன், போகிறேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, உன் கைப் பருப்புப் பொடி மட்டும் நிறைய கொண்டுவா." இரண்டு பெரிய காப்பித்தூள் பாட்டில்களில் நிரப்பினேன். கவரோடு கொண்டுபோனால் விமான நிலையத்தில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். மீதிக் கவர்களைப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். புடவை கசங்காமல் இருக்கும்.

வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "மனோரஞ்சிதம் ஹோம் மேட்னு லேபிள் எழுதித் தரட்டுமா?" என்றார். பெட்டியைப் பூட்டினேன். ஓய்வு பெற்ற மனிதர்களுக்குப் பேச்சு அதிகம்.

பிப்ரவரி 4, புதன். சரகோசா

வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு காற்று அடிக்கிறது. அதற்குத் தனியாகப் பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். முகத்தில் அறைகிற காற்றுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுகிற ஊர்.

எழில் இளைத்துவிட்டாள். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "வாம்மா" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, வீடு என்ன இவ்வளவு குப்பையாக இருக்கிறது என்று கேட்டேன்.

மாப்பிள்ளை நல்ல பையன். எழில் சொல்லிக்கொடுத்து ஓரளவு தமிழ் பேசுகிறார். "அத்தை, வாங்க, சாப்டீங்களா?" என்றார். பிறகு என்னைக் கையைப் பிடிக்காத குறையாகச் சமையலறைக்கு அழைத்துப்போய், ஃப்ரீசரைத் திறந்தார். லாக்கரைத் திறந்து நகையைக் காட்டுகிறவர் முகம். உள்ளே வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் தடிமனில் நீளநீளமான உருண்டைகள்.

"அம்மா செஞ்சது," என்றார். "கிரோகெட்டா."

நான் பொடி பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் மேடைமேல் வைத்தேன். வேறு உள்நோக்கம் ஒன்றும் இல்லை. மேடையில் அங்கேதான் இடம் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ரசம் வைத்தேன். எழில் அரை டம்ளர் குடித்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்தார். பெயர் எங்கார்னா. கல்யாணத்தில் பார்த்ததுதான், அன்றைக்குப் பேச நேரமில்லை. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளை அம்மா வீட்டுக்குப் போய் இந்த உருண்டையைச் சாப்பிட வேண்டும் என்பது வழக்கமாம். இப்போது மருமகளால் படியிறங்க முடியாததால், உருண்டை டிராம் ஏறி இங்கே வருகிறது.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் தன் போனிடம் பேசுகிறார். அது வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரி எனக்குச் சொல்கிறது. முதல் வாக்கியமே, "வணக்கம். உங்கள் மகள் மெலிந்து காணப்படுகிறார். நான் உணவு கொணர்ந்துள்ளேன்."

நான் வந்து நாலு நாள் ஆகிறது. மெலிந்து காணப்படுகிறாராம்.

டப்பாவைத் திறந்து, கவசம் கட்டிக்கொண்டு போருக்குப் போகிறவர் மாதிரி ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, எண்ணெயில் நாலு நாலாகப் போட்டுப் பொரித்தார். மாப்பிள்ளை முதல் உருண்டையைக் கையில் எடுத்து, கடித்து, கண்ணை மூடிக்கொண்டார். நானும் கடித்தேன். மேலே மொறுமொறுவென்று ரொட்டித்தூள். உள்ளே சூடான கூழ். அந்தக் கூழில் துளித்துளியாகக் கோழியும், உப்பில் காயப்போட்ட பன்றிக்கறியும். நாக்கு சுட்டுவிட்டது. மோசமில்லை. மூன்றுதான் சாப்பிட்டேன், நாலாவது எழில் வற்புறுத்தியதால்.

செய்முறையை எழில் மொழிபெயர்த்தாள். வெண்ணெயில் மைதாவை வறுத்து, பாலைச் சிறுகச் சிறுக விட்டு, சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டுமாம். ராத்திரி முழுக்க ஆறவைத்து, மறுநாள் உருட்ட வேண்டும். அது இருக்கட்டும். உள்ளே போடுகிற கறி என்ன கறி என்று கேட்டேன். முந்தின நாள் சூப்பு வைத்து மீந்த கறி.

"மீந்ததா?"

"அதாம்மா விசேஷமே," என்றாள் எழில். "மீந்ததுலதான் செய்யணும். புதுசா கறி வாங்கிச் செஞ்சா அது கிரோகெட்டாவே இல்லைன்னுவாங்க."

எலும்பு முறிந்து கிடக்கிற பெண்ணுக்கு மீந்ததை உருட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு குடும்பமே கண்ணை மூடிக்கொள்கிறது. நான் நேற்று வைத்த சாம்பாரை இன்றைக்குச் சூடு பண்ணினால் மட்டும் இவளுக்கு வாசனை பிடிக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியம் வாழைக்காய் வறுவல், பருப்பு, பொடி. வாழைக்காய்க்காக ஊரின் மறுகோடிக்குப் போய்வந்தேன். எழில் கொஞ்சம் கொறித்துவிட்டு, "அம்மா, ஃப்ரீசர்ல இருக்கிற கிரோகெட்டா நாலு பொரிச்சுத் தாயேன்" என்றாள்.

பொரித்துக் கொடுத்தேன். நாலும் போயிற்று. பொடியை மட்டும் விரலால் தொட்டு நக்கிக்கொண்டே, "உன் பொடி மாதிரி உலகத்துல கிடையாதும்மா, அந்தப் பூண்டு வறுத்த வாசனை உனக்கு மட்டும்தான் வரும்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு தாய் இத்தனை தூரம் பறந்து வருகிறாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

மாப்பிள்ளை என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். தெருவுக்கு நாலு மதுக்கடை. எல்லாக் கடை வாசலிலும் கரும்பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே வாசகம். 'வீட்டில் செய்த கிரோகெட்டா' என்று அர்த்தமாம். இத்தனை கடைக்கும் செய்துகொடுக்கிற அந்த வீடு எது என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எல்லாம் பொய் அத்தை. ஃபேக்டரியில இருந்து பை பையா வருது. எனக்கு ஒரு கடி போதும், கண்டுபிடிச்சிடுவேன்."

ஒரு கடைக்குள் போய் ஒன்று வாங்கிக் கடித்தார். வைரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் மாதிரி மென்று, தலையை ஆட்டினார். "கடை. இதுல அன்பு இல்லை." பக்கத்துக் கடையிலும் அதே தீர்ப்பு. மூன்றாவது கடையில் கடைக்காரரிடமே சொல்லிவிட்டார். அந்த ஆள் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அவரும் நெஞ்சில் கைவைத்து, தன் அம்மாவின் கிரோகெட்டாவைப் பற்றி வெகுநேரம் பேசினார். இந்த ஊரில் ஆண்பிள்ளைகளை இரண்டு பேரைச் சேர்த்து நிற்கவைத்தால் போதும், அம்மாவின் உருண்டையில் வந்து நிற்கிறார்கள்.

"என் நாக்கை ஏமாத்த முடியாது," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மறுபடி உருண்டை. சம்பந்தியம்மா வந்ததுமே நான் செய்து வைத்திருந்த அவியலை முகர்ந்து பார்த்தார். போன் சொன்னது, "இது சுவாரசியமாக உள்ளது." இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார்.

அவர் கொண்டுவந்த நீல டப்பாவில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சர். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவனை அவன் போட்ட தப்பை வைத்தே பிடிப்பேன். கையால் உருட்டியது என்றால் ஒன்று குண்டாக, ஒன்று ஒல்லியாக இருக்கும். நான் உருட்டுகிற கொழுக்கட்டையே ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இவை எல்லாம் சீருடை போட்டு அசெம்பிளிக்கு நிற்கின்றன. அவர் கைகழுவப் போனபோது, எழிலின் அடிஸ்கேலை எடுத்து நாலைந்தை அளந்தேன். ஒரே அளவு.

இன்னொன்று. போன ஞாயிறு சூப்பில் மீந்த கோழி என்றார்கள், இந்த ஞாயிறும் அதே கோழி. வாரம் தவறாமல் கோழியாகவே மீந்துவிடுகிறது போல.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நடந்து வரலாம் என்று கிளம்பி, டிராம் பாதையோடு போய், சம்பந்தியம்மா குடியிருக்கிற பக்கம் வந்துவிட்டேன். தற்செயல்தான். அவர் வீட்டுக்குப் பின்தெருவில், சமைத்த உணவு விற்கிற சின்னக் கடை ஒன்று. கண்ணாடிக்குப் பின்னால் கோழிகள் கம்பியில் சுழல்கின்றன. உள்ளே யார்? நீல டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சம்பந்தியம்மா.

மருந்துக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். கடைக்காரப் பெண் எதுவும் கேட்கவில்லை. டப்பாவை வாங்கினாள், பொரிக்காத கிரோகெட்டாக்களைத் தட்டிலிருந்து வரிசையாக அடுக்கினாள், மூடினாள், கன்னத்தில் முத்தம் கொடுத்து அனுப்பினாள். எத்தனை வருஷப் பழக்கம் என்று அந்த முத்தத்திலேயே தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தது. என் நாட்குறிப்பில் எனக்கென்ன வெட்கம். காற்று முகத்தில் அடித்ததே உறைக்கவில்லை. கைப்பக்குவமாம், அன்பாம். தாய் என்று நம்பிச் சாப்பிடுகிற பிள்ளையை இத்தனை காலம் ஒரு பெண்பிள்ளை ஏமாற்றியிருக்கிறாள் என்றால், அந்த நெஞ்சு எப்படிப்பட்ட நெஞ்சு. கடையில் வாங்கியதை டப்பா மாற்றி, தன் கையால் செய்தது என்று பிள்ளைக்குக் கொடுக்க எனக்கெல்லாம் கை கூசும்.

வந்ததும் எழிலுக்குப் பொடி பிசைந்து கொடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தேன். இனிப்பாகத்தான் பேசினேன். எழிலை மொழிபெயர்க்கச் சொல்லி, "கட்டுப் பிரிச்சதும் ஒரு விருந்து வைப்போம். சம்பந்தியம்மா இங்கேயே, நம்ம அடுப்புல, முதல்லருந்து கிரோகெட்டா செஞ்சு காட்டட்டும். நானும் கத்துக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். முள்கரண்டி தட்டில் விழுந்தது. மாப்பிள்ளை எழுந்து நின்று கை தட்டினார். "அம்மா, நான் பக்கத்துல நிக்கிறேன், வீடியோ எடுக்கிறேன்."

இதோடு நின்றிருந்தால் நல்ல ஞாயிறு. என் மகள் குறுக்கே விழுந்தாள்.

"அப்ப அன்னிக்கே அம்மாவும் பொடி வறுத்து அரைச்சுக் காட்டட்டும். என் சிநேகிதிங்க எல்லாம் கேட்டுட்டே இருக்காங்க. அதையும் எடுத்துடலாம்."

"இங்க பருப்பு சரியிருக்காது," என்றேன்.

"பாகிஸ்தான்காரர் கடையில எல்லாப் பருப்பும் இருக்கும்மா."

"காயவைக்க வெயில் வேணும்."

"வறுக்கத்தானேம்மா போறே?"

வறுப்பதற்கு முன்னால் ஒரு வெயில் காட்ட வேண்டும் என்பதை இவளுக்கு எப்படி விளக்குவது. யோசித்துப் பார்த்ததில், இந்தச் சின்னச் சமையலறையில் இத்தனை பேர் நிற்க இடமில்லை என்பது அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. அதைச் சொன்னேன். சம்பந்தியம்மாவும் போனில், "ஆம். சமையலறை மிகவும் குறுகலானது. நான் முற்றிலும் உடன்படுகிறேன்" என்றார். மார்ச் எட்டு ஞாயிறன்று சம்பந்தியம்மா தன் வீட்டில் செய்து எடுத்து வருவது, என் பக்கத்துக்கு நான் கொண்டுவந்த பொடியே போதும் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு வருத்தம்.

முதல் தடவையாக அந்த அம்மாளும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம்.

பிப்ரவரி 23, திங்கள்

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார். சிக்னல் சரியில்லை, வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 25, புதன்

பொடி பாட்டில் அடிக்கு வந்துவிட்டது. எழில் தூங்கும்போது புடவைக்கு நடுவில் இருந்ததை எடுத்து நிரப்பினேன். காலிக் கவரைக் குப்பைக்கூடையில், முட்டை ஓட்டுக்கு அடியில் போட்டேன்.

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்தார். கஞ்சியோ எதுவோ கொண்டுவந்தார். போகும்போது, கேட்காமலே குப்பைப் பையை எடுத்துக் கட்டினார். கட்டுகிறவர் நின்றார். உள்ளே கைவிட்டு எதையோ எடுத்தார், முட்டை ஓட்டை உதறினார், சதுரமாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே குப்பையைத் தரம் பிரிப்பார்கள் என்று எழில் சொல்லியிருக்கிறாள். அதுவாகத்தான் இருக்கும்.

ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. ஹீட்டர் சத்தம்.

மார்ச் 3, செவ்வாய்

எழில் மருத்துவமனைக்குப் போயிருந்த நேரத்தில் மணி அடித்தது. சம்பந்தியம்மா. உட்காரவில்லை, கோட்டையும் கழற்றவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். குரல் உடைந்தது. போனின் குரல் மட்டும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் நிதானமாக வந்தது.

"கடை மூடப்பட்டுள்ளது. உரிமையாளரின் மகளுக்குத் திருமணம். அடுத்த வாரம்தான் திறக்கப்படும்."

எந்தக் கடை என்று கேட்கலாம் என்று இருந்தேன். முகத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை. வேறு கடையில் வாங்கக்கூடாதா என்று மட்டும் போனிடம் சொன்னேன்.

"என் மகன் கண்டறிந்துவிடுவான். அவனுக்கு இந்தக் கடையின் சுவை மட்டுமே தெரியும். அவனுக்கு அதுதான் நான்."

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கொன்சாலோ சின்னப் பையனாக இருந்தபோது அவர் வீட்டில்தான் செய்தாராம். ஸ்டேஷன் வேலை முடிந்து வந்து, நின்றுகொண்டே கிண்டி. பையன் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் ஒதுக்கிவிடுவானாம். ஒரு சனிக்கிழமை முடியாமல் கடையில் வாங்கி வைத்திருக்கிறார். தட்டு காலி. 'அம்மா, இன்னிக்குத்தான் நீ ஒழுங்கா செஞ்சிருக்கே' என்று கழுத்தைக் கட்டிக்கொண்டானாம். அதற்குப்பின் எப்படிச் சொல்வது. கணவர் போனபிறகு, பிள்ளை ஞாயிறுதோறும் வருவது இதற்காகத்தான் என்று அவருக்கு உறுதி. உருண்டை இல்லையென்றால் வரமாட்டான் என்று பயம்.

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் கைப்பையைத் திறந்து, சதுரமாக மடித்த ஒரு கவரை மேசைமேல் வைத்தார். தமிழ் எழுத்து, பூண்டுப் படம் எல்லாம் போட்டது. "இதை வீட்டுக் குப்பையில் இடாதீர்கள். உங்கள் மகள் அந்தக் கூடையைத் திறப்பார். நான் வெளியே எறிய எண்ணினேன், ஆனால் மறந்துவிட்டேன்."

அது என்ன கவர் என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் எப்படியோ வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரமாக அதைக் கையில் வைத்திருந்தவர். மேசையில் எழில், மாப்பிள்ளை எல்லாரும் இருக்கும்போது எடுத்து வைத்திருக்கலாம். நானாக இருந்தால் வைத்திருப்பேன்.

ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். "சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரா சேர்ந்து கிண்டிடலாம்" என்றேன். போன் என்ன மொழிபெயர்த்ததோ, அந்த அம்மாள் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தேன். எதற்கு மாட்டினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கட்டுப் பிரித்தாகிவிட்டது. எழில் ஹாலில் நாலடி நடந்தாள். கால் குச்சியாக இருக்கிறது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 7, சனி

சம்பந்தியம்மா வீட்டில் நாள் முழுக்க. எழிலிடம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னேன். முழுப் பொய் இல்லை.

மாதிரிக்கு ஃப்ரீசரில் இருந்த கடைசிக் கடை உருண்டை ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டோம். மீந்த கறி வேண்டுமே, அதற்காகக் கோழியையும் எலும்பையும் வேகவைத்து, சூப்பை நாங்களே குடித்து, கறியை மீந்ததாக ஆக்கினோம்.

முதல் தடவை மைதா கருகியது. இரண்டாம் தடவை பாலை ஒரேயடியாகக் கொட்டிவிட்டார், கட்டி கட்டியாயிற்று. மத்து இல்லாத வீடு. நான் கரண்டியால் நசுக்கினேன், அவர் சல்லடையில் தேய்த்தார். மூன்றாம் தடவை பாலைத் துளித்துளியாக விட்டு, கை மாற்றிக் கை மாற்றிக் கிண்டினோம். அவருக்கு மணிக்கட்டில் வலி. எனக்குத் தோளில். கேசரி கிண்டுகிற பதம்தான், சட்டியை விட்டுச் சுருண்டு வருகிறது. அதை அவருக்குச் சொல்ல வழியில்லாமல் சுருண்டுவரும்போது விரலால் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஜாதிக்காய் துருவிப் போட்டார். அவர் திரும்பியிருந்தபோது மிளகு கொஞ்சம் தட்டிப் போட்டேன்.

தட்டில் ஊற்றி, மேலே தாள் ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஆறட்டும். சோபாவில் விழுந்த இரண்டு பேரும் போனை எடுக்கக்கூட முடியாமல் அப்படியே கிடந்தோம். நல்ல மத்தியானம்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலேயே போய் உருட்டினோம். என்னுடையது கொழுக்கட்டை சாயல், எங்கார்னாவுடையது சுரைக்காய் சாயல். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்ததில் பாதி வெடித்து எண்ணெயில் கக்கியது. வெடிக்காததைப் பொறுக்கி மேலே வைத்து, வெடித்ததை அடியில் மறைத்து, டப்பாவில் அடுக்கி டிராம் ஏறினோம். எங்கார்னா வழியெல்லாம் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள்.

மேசையில் வைத்தோம். மாப்பிள்ளை எடுத்தார், கடித்தார். கண்ணை மூடவில்லை. இன்னொரு பக்கம் கடித்தார். அம்மாவைப் பார்த்தார். எனக்கும் புரியட்டும் என்றா, இல்லை பழக்கதோஷமா தெரியவில்லை, தமிழிலேயே ஆரம்பித்தார்.

"இது அம்மா செஞ்சது இல்லையே." பிறகு ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். எழில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கடையில வாங்கினீங்களாம்மான்னு கேக்கிறார்."

எங்கார்னாவின் கை மேசைத்துணியைப் பிடித்துக்கொண்டது. வாய் திறந்தது. எல்லாவற்றையும் இப்போது சொல்லிவிடப்போகிறாள் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தையும் இந்த மேசையில் கொட்டப்போகிறாள்.

"நான்தான் வாங்கினேன்," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவங்க செஞ்சதை நான் டிராம்ல கீழ போட்டுட்டேன். டப்பா திறந்துக்கிச்சு. எல்லாம் மண்ணு. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு வழியில ஒரு கடையில நான்தான் வாங்கச் சொன்னேன்."

எழில் மொழிபெயர்த்தாள். எங்கார்னா அதைக் கேட்டாள். கேட்டு, என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீயா?" என்றாள் எழில். "கடையில வாங்கி வீட்டுல செஞ்சதுன்னு வைக்கிற ஆளா நீ?"

"அவசரத்துக்கு," என்றேன்.

மாப்பிள்ளை எழுந்துவந்து என் தோளில் கைவைத்தார். குரலில் அவ்வளவு கருணை. "பரவாயில்லை அத்தை. உங்க மேல தப்பு இல்லை. ஆனா பாருங்க, ஒரு கடியில தெரிஞ்சிடுச்சு. வீட்டுல செஞ்சதுல அன்பு இருக்கும். இதுல அது இல்லை." பிறகு, டிராமில் மண்ணில் விழுந்த அம்மா கைப்பக்குவத்தை நினைத்து, உண்மையாகவே கண் கலங்கினார். எழில் அவரைத் தேற்றினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்காக என் பொடியில் சோறு பிசைந்து சாப்பிட்டு, ஆகா என்றார்கள்.

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எங்கார்னா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். மேடையில் சாய்ந்து நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தாள். நானும் எடுத்தேன். வெடித்த இடத்தில் பால்கூழ் பொன்னிறமாக முறுகியிருந்தது. ஜாதிக்காய் கொஞ்சம் தூக்கல். மிளகு சரியாக இருந்தது. நன்றாக இருந்தது, கடை உருண்டையைவிட நன்றாக இருந்தது. இதை யாரிடமும் நான் சொல்ல முடியாது, அவளும் சொல்ல முடியாது. அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே அடுத்ததை எடுத்தாள். பேசிக்கொள்ளப் போன் தேவைப்படவில்லை. மேலே அடுக்கியிருந்தது, அடியில் மறைத்திருந்தது எல்லாவற்றையும் நின்றபடியே தின்று தீர்த்தோம்.

கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வந்தார். காலி டப்பாவைப் பார்த்தார்.

"அத்தை, எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டீங்களா?"

"ஆமா," என்றேன்.

"நல்ல வேலை செஞ்சீங்க," என்றார்.

எங்கார்னா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று இன்னும் மென்றுகொண்டிருந்தாள்.